ஐந்தாண்டு முடிந்தபின் என்ன? பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பாராளுமன்றத்தின் கௌரவ உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

வட மாகாண சபையின் முதலாவது பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது. அதற்கு அடுத்த பதவிக்காலம் இன்னும் தொடங்கவில்லை. கிழக்கு, சப்ரகமுவ, வடமத்திய மாகாண சபைகள் அதற்கு ஓராண்டு முன்பே, 2017இல், காலாவதியாகின. மத்திய, வடமேல் மாகாணங்கள் வடக்கோடு சேர்ந்தும், தென், மேல், ஊவா மாகாணங்கள் 2019இலும் உறுப்பினர்களை இழந்தன. மாகாண சபை ஒன்றின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்று கேட்டால் ஐந்து என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அந்த ஐந்தாண்டு முடிந்தபின் என்ன நடக்கவேண்டும் என்ற கேள்விக்குத்தான் இந்த நாட்டில் உறுதியான விடை இல்லாமற் போயிற்று. அந்த விடையை எழுதும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதனால் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 154உ உறுப்புரை இந்த விடயத்தில் தெளிவானது. முன்கூட்டியே கலைக்கப்பட்டாலன்றி, ஒரு மாகாண சபை அதன் முதற் கூட்டத்துக்குக் குறிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் இயங்கும். அந்த ஐந்தாண்டு கழிவதே சபையின் கலைப்பாகவும் அமையும். ஆளுநர் கையொப்பமிடவோ, முதலமைச்சர் ஆலோசனை கூறவோ, வர்த்தமானி அறிவித்தலுக்காக எவரும் காத்திருக்கவோ வேண்டியதில்லை. நாள் வந்ததும் சபை தானாகவே இல்லாமற் போகும். முந்தைய நாள் வரை உறுப்பினராக இருந்தவர் மறுநாள் சாதாரண குடிமகன். தெரிவு செய்யப்பட்டவர் எவரும் மக்கள் கொடுத்த காலத்துக்கு மேல் ஒரு நாளும் கதிரையில் இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு கண்டிப்பாக அது எழுதப்பட்டது. அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்தக் கண்டிப்பு ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க முடியாது. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க மாகாண சபைத் தேர்தல்கள் சட்டம், சபை கலைந்து ஒரு வாரத்துக்குள் தேர்தல் நடத்தும் எண்ணத்தை அறிவிக்கும் கடமையைத் தேர்தல் ஆணையாளர்மீது சுமத்தியது. அதாவது, பழைய சபையின் கடைசி நாளையும் புதிய சபைக்கான ஏற்பாட்டின் முதல் நாளையும் ஏழு நாளுக்கு மேல் பிரித்து வைக்க அச்சட்டத்தை எழுதியவர்கள் விரும்பவில்லை. முடிவை அரசியலமைப்பு சொன்னது, தொடக்கத்தைச் சாதாரண சட்டம் சொன்னது. தொடக்கம் சாதாரண சட்டத்தில் மட்டும் நின்றதால்தான் பின்னாளில் அதை எளிதாக முடக்கிவிட முடிந்தது.

வடக்கில் வாழும் எங்களுக்கு இது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும். 1987 ஜூலை 29ஆம் திகதி இந்திய–இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே ஆண்டு நவம்பரில், மாகாண சபைகளுக்கு வழிசெய்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. 1988 நவம்பரில் இணைந்த வடகிழக்கு மாகாண சபைக்குத் தேர்தல் நடந்தபோது, வடக்கின் 36 ஆசனங்களும் போட்டியின்றியே நிரப்பப்பட்டன. வாக்களிப்பு கிழக்கில்தான் நடந்தது. அந்தச் சபையும் 1990இல் முடிந்தது. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது, 2007 முதல் இரண்டு மாகாணங்களும் தனித்தனியாயின, 2008இல் கிழக்குக்குத் தேர்தல் வந்தது. வடக்கு 2013 வரை காத்திருந்தது. ஆகவே, எந்த இனப் பிரச்சினைக்குத் தீர்வாக மாகாண சபைகள் கொண்டுவரப்பட்டனவோ அந்தப் பிரச்சினையின் மையமாக இருந்த மாகாணத்தில், வாக்குப்பெட்டி வைத்து நடந்த மாகாண சபைத் தேர்தல் ஒன்றே ஒன்றுதான்: அது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்தது.

அன்று காலை எங்கள் ஊர்ப் பாடசாலையில், ஆண்டு ஆறு வகுப்பறையாக இருந்த மண்டபத்தின் வெளியே, நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற மூதாட்டி ஒருவர் தேசிய அடையாள அட்டையைப் பொலித்தீன் பையொன்றில் சுற்றி, அதன் மேல் ஒரு கைக்குட்டையையும் சுற்றி வைத்திருந்தார். வன்னியில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் முகாமுக்குள் போனபோதும் தொலையாமல் கொண்டுவந்த அட்டை அது என்று சொன்னார். வாக்களித்துவிட்டு வெளியே வந்ததும், மையிட்ட இடது சின்னிவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே நடந்தார்; மை அழிந்துவிடுமோ என்று பயந்தவர்போல இருந்தது அது. அவர் இப்போது உயிரோடு இல்லை. தன் மாகாண சபைக்கு அவர் தன் வாழ்நாளில் ஒருமுறைதான் வாக்களித்தார்.

அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்திலிருந்து 16, வவுனியாவிலிருந்து 6, மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களிலிருந்து தலா 5, கிளிநொச்சியிலிருந்து 4 என்று 36 பேர் தெரிவாகினர். இரண்டு போனஸ் ஆசனங்களோடு சபை 38 ஆனது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 30 ஆசனங்களைப் பெற்றது. ஒக்டோபர் 25ஆம் திகதி கைதடியில் முதல் அமர்வு கூடியது. ஐந்தாண்டுக் கணக்கு அந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கியது.

அது குறையில்லாத சபை என்று நான் வாதாட வரவில்லை. நூற்றுக்கணக்கான தீர்மானங்களை நிறைவேற்றிய சபை, அவற்றுக்குச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கையாவது, மாகாண சபை இயற்றும் சட்டங்களான நியதிச்சட்டங்களுக்குச் செலவிட்டிருக்கலாம் என்று அக்காலத்திலேயே எங்களில் பலர் வருந்தினோம். 2017 ஜூனில் அமைச்சர்கள் மீதான விசாரணையும், முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையும், அதையொட்டி வீதியில் இறங்கிய ஆதரவும் எதிர்ப்பும் சபையின் கடைசிக் காலத்தைத் தின்றுவிட்டன. ஆளுநருக்கும் அமைச்சர் வாரியத்துக்கும் இடையே அதிகார எல்லை எது என்ற இழுபறி தொடக்கம் முதல் இறுதி வரை ஓயவில்லை. இதில் எவர் சரி, எவர் பிழை என்பதைப் பற்றி என் வீட்டுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆனால் அதைத் தீர்மானிக்கும் உரிமையும் நாளும் எங்களுக்கு இருந்தன. 2018இல் தேர்தல் நடந்திருந்தால், உழைத்தவர்களை மீண்டும் அனுப்பியிருப்போம். ஏமாற்றியவர்களை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இரண்டு அணியையும் பிடிக்காதவர்கள் மூன்றாவது அணியொன்றைத் தேடியிருப்பார்கள். பதவிக்காலம் என்பது உறுப்பினருக்குக் கொடுக்கப்பட்ட கால அவகாசம் மட்டுமன்று, வாக்காளருக்குக் குறித்துக் கொடுக்கப்பட்ட தவணையும் ஆகும். அந்தத் தவணையில் கணக்குக் கேட்க நாங்கள் வந்து நின்றபோது கதவு பூட்டிக் கிடந்தது. அந்த 38 பேரும் எங்களிடம் வெல்லவுமில்லை, தோற்கவுமில்லை. "முன்னாள் உறுப்பினர்" என்ற பெயரோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

கதவு எப்படிப் பூட்டப்பட்டது என்பதை உங்களில் மூத்தவர்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். இருந்தாலும் அன்று அவையில் இல்லாத புதிய உறுப்பினர்களுக்காக அதைச் சொல்லவேண்டியிருக்கிறது. 2017இல் அன்றைய அரசாங்கம் 20ஆவது திருத்தம் என்ற பெயரில் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தது (2020இல் நிறைவேறிய 20ஆவது திருத்தம் வேறு). எல்லா மாகாணங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. அதற்காக மாகாண சபைகளின் காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் பாராளுமன்றத்தின் கைக்கு வரவிருந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் கூறியதும் அந்த வழி அடைபட்டது. அந்த ஆண்டு செப்டெம்பர் 20ஆம் திகதி, மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் அவைக்கு வந்தது. அது பெண் வேட்பாளர்களுக்குரிய பங்கை உறுதிசெய்யும் சிறிய, நல்ல சட்டமூலமாகத்தான் முதலில் இருந்தது. குழுநிலையில் அதற்குள் முற்றிலும் புதியதொரு தேர்தல் முறை செருகப்பட்டது: பாதி உறுப்பினர்கள் தொகுதிவாரியாகவும் மறுபாதி விகிதாசாரப்படியும் தெரிவாகும் கலப்பு முறை. தொகுதி வேண்டுமென்றால் எல்லை வேண்டும். எல்லை வரையும்வரை தேர்தல் நடத்த முடியாது. அந்த இரவோடு பழைய முறை சட்டத்திலிருந்து நீங்கியது. புதிய முறை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

எல்லை நிர்ணயக் குழு தனக்குக் கொடுக்கப்பட்ட காலத்துக்குள் அறிக்கையைக் கொடுத்தது. அந்த அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள் விழுந்தன. ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையை அவையில் முன்வைத்த அமைச்சரே அதை எதிர்த்து வாக்களித்தார். பின்னர், சட்டம் கூறியபடி பிரதமர் தலைமையில் ஐவர் கொண்ட மீளாய்வுக் குழுவைச் சபாநாயகர் நியமித்தார். அக்குழு இரண்டு மாதத்துக்குள் அறிக்கை கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கை வரவேயில்லை. 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டபோது, பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தாமல் பழைய முறைப்படி தேர்தலை நடத்த முடியாது என்ற பதில் கிடைத்தது. சுற்றிச் சுற்றி வந்து பந்து உங்கள் முற்றத்திலேயே நிற்கிறது. தேர்தல்கள் ஆணைக்குழுவையோ நீதிமன்றத்தையோ இதற்குக் குறைகூற இடமில்லை.

கட்சி வேறுபாடின்றி இதை நான் சொல்லவேண்டும். 2017இன் அந்தச் சட்டம் 159 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்தவர்களுள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் உறுப்பினர்களும் இருந்தனர். அதிகாரப் பகிர்வுக்காக அரை நூற்றாண்டாகக் குரல் கொடுத்துவந்த ஒரு மரபின் பிரதிநிதிகள், கிடைத்த சிறு அதிகாரத்தின் கதவை மூடிய சட்டத்துக்குக் கை உயர்த்தினார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. பிற்பாடு பழைய முறைக்குத் திரும்பும் தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்ததும் அதே தரப்பைச் சேர்ந்தவர்தான் என்பதையும் நன்றியோடு பதிவு செய்கிறேன். பிழையை உணர்ந்து திருத்த முனைவது இழிவன்று. அந்த முயற்சிக்கு அவையின் பெரும்பான்மை துணை நிற்காததே குறை.

பதவிக்காலத்தோடு விளையாடுவது இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1977இல் தெரிவான பாராளுமன்றம், 1982 டிசெம்பர் 22ஆம் திகதி நடந்த சர்வஜன வாக்கெடுப்பின் மூலம் தன் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டிக்கொண்டது. அந்த ஆறாண்டுக்குள் இந்த மண்ணில் என்னென்ன நடந்தன என்பதை நான் எழுதத் தேவையில்லை. மாகாண சபைகளும் இதே தாமதத்தை முன்பொருமுறை கண்டிருக்கின்றன. 1998இல் ஐந்து மாகாண சபைகளின் காலம் முடிந்து, ஓகஸ்ட் 28 என்று வாக்களிப்பு நாளும் குறிக்கப்பட்டிருந்த நிலையில், அவசரகால ஒழுங்குவிதியொன்றின் மூலம் அத்தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. வாக்காளர்கள் இருவர் நீதிமன்றம் சென்றனர். வாக்களிப்பதும் கருத்து வெளியிடும் சுதந்திரத்தின் ஒரு வடிவமே என்று உயர் நீதிமன்றம் 1999 ஜனவரியில் தீர்ப்பளித்தது. தேர்தலை மூன்று மாதத்துக்குள் நடத்தப் பணித்தது. ஏப்ரலில் தேர்தல் நடந்தது. உள்ளூராட்சித் தேர்தலை 2023இல் நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் அதே நீதிமன்றம் கூறியது. 2025 மே மாதம் அத்தேர்தலும் நடந்தது. இந்த இரண்டு தடவையும் நீதிமன்றத்தால் கதவைத் திறக்க முடிந்தது. காரணம், தேர்தல் நடத்துவதற்கான சட்டம் அப்போது உயிரோடு இருந்தது. மாகாண சபைகளைப் பொறுத்தவரை நடத்துவதற்கான சட்டமே இல்லாமல் ஆக்கப்பட்டிருப்பதால், வாக்காளர் எந்த நீதிமன்றத்தின் படியேறினாலும் திரும்பவும் உங்களிடமே வரவேண்டியிருக்கிறது.

உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது, அலுவலகங்கள் இயங்குகின்றனவே என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு விடயத்தைக் காட்ட விரும்புகிறேன். சில ஆண்டுகள் நான் எங்கள் ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கச் செயலாளராக இருந்தேன். அது தேசிய பாடசாலை அன்று, மாகாணப் பாடசாலை. 2016இல் கணித ஆசிரியர் ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனபின் பதிலாள் வராததால் சாதாரண தரப் பிள்ளைகள் தவித்தார்கள். வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதினோம். கடிதத்தின் அடியில், "பிரதி" என்ற சொல்லுக்குக் கீழே, எங்கள் மாவட்டத்து மாகாண சபை உறுப்பினர்கள் இருவரின் பெயர்கள் இருந்தன. ஒருவர் பதிலே போடவில்லை. மற்றவர் ஒரு சனிக்கிழமை மாலை பாடசாலைக்கு வந்து, தாய்மாரின் ஏச்சை முழுவதும் கேட்டார். அடுத்த மாதம் சபையில் கேள்வி எழுப்பினார். மூன்றாம் தவணை தொடங்கும் முன் ஆசிரியர் வந்து சேர்ந்தார்.

2022இல் அதே பாடசாலைக்கு அதே தேவை வந்தது. பழைய கடிதத்தையே மாதிரியாக எடுத்து, திகதியை மாற்றி, பாடத்தை மாற்றி எழுதிக்கொண்டு வந்தபோது "பிரதி" என்ற சொல்லுக்குக் கீழே என் கை நின்றுவிட்டது. எழுதுவதற்கு ஒரு பெயர் இல்லை. பணிமனை, திணைக்களம், அமைச்சின் செயலாளர், ஆளுநர் செயலகம் என்று பதவிகளின் பெயர்களை எழுதினேன். "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது" என்ற மறுமொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றை எழுதியவர்களை நான் குறைகூற மாட்டேன். தம் கடமையை அவர்கள் செய்தார்கள். ஆனால் அவர்களில் எவரையும் அந்தத் தாய்மார் பெயர் சொல்லி ஏச முடியாது. ஏசினாலும் அவர்கள் மீண்டும் அதே வாசலுக்கு வந்து வாக்குக் கேட்கப்போவதில்லை.

வெறுமையான அந்த இடத்தில் இன்று இருப்பவர் ஆளுநர். ஆளுநருக்கும் ஐந்தாண்டுக் காலம் உண்டு. ஆனால் அது ஜனாதிபதியின் விருப்பம் உள்ளவரையில்தான். 2018இலிருந்து வடக்கில் பல ஆளுநர்கள் வந்து போனார்கள். அவர்களுள் மக்களோடு நன்கு பழகியவர்களும், மாகாணத்தைக் கற்றறிந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாகாணத்தின் வரவு செலவுத் திட்டத்தை அவரே ஏற்று, அவரே நடைமுறைப்படுத்தும்போது, "ஏன் இந்த வீதிக்கு, ஏன் அந்த வைத்தியசாலைக்கு இல்லை" என்று எழுந்து நின்று கேட்க ஒரு மன்றம் வேண்டாமா? கைதடியில் அதற்கென்று கட்டிய கட்டடம் இருக்கிறது.

மாகாண சபைகள் வெள்ளை யானை, அவற்றுக்குச் செலவு அதிகம் என்ற பேச்சு எனக்குத் தெரியும். செலவு எங்கே குறைந்தது? அமைச்சுகளும் திணைக்களங்களும் வாகனங்களும் அப்படியேதான் இருக்கின்றன. நீங்கியது மக்கள் தெரிவு செய்தவர்கள் மட்டும். புதிய அரசியலமைப்பு வரப்போகிறது, அதுவரை பொறுங்கள் என்பது இன்னொரு சமாதானம். 2016இல் புதிய அரசியலமைப்பை வரையப் பாராளுமன்றம் அரசியலமைப்புப் பேரவையாகக் கூடியபோதும் இதைத்தான் கேட்டோம். நாளை வரப்போகும் வீட்டுக்காக இன்றைய கூரையைப் பிரித்துப்போட எவரும் ஒப்பமாட்டார்கள்.

ஆதலால் உங்களிடம் வேண்டுவது இதுதான். 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்ட பழைய தேர்தல் முறையை, ஒரு தடவைக்கேனும், ஒரு சிறு திருத்தத்தின் மூலம் மீண்டும் உயிர்ப்பியுங்கள். பெண்களுக்கான பங்கை அதோடு சேர்த்து வீசிவிடாதீர்கள். அந்தச் சட்டத்தில் முதலில் இருந்த நன்மை அது ஒன்றுதான். கலப்பு முறைதான் சிறந்தது என்று நம்புவோர், எல்லைகள் வரைந்து முடிந்தபின் அடுத்த தேர்தலுக்கு அதைக் கொண்டுவரட்டும். நானும் அவர்களுடைய நியாயத்தைக் கேட்கத் தயார். அதற்குமேல், எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, 154உ உறுப்புரைக்குப் பக்கத்தில் இன்னொரு வசனம் வேண்டும் என்பது: கலைந்த சபைக்குப் பதிலாகத் தெரிவாகும் சபை இத்தனை மாதத்துக்குள் முதற் கூட்டத்தைக் கூட்டவேண்டும் என்று அரசியலமைப்பே சொல்லவேண்டும். எத்தனை மாதம் என்பதை நீங்களே பேசி முடிவு செய்யுங்கள். பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் புதிய பாராளுமன்றம் மூன்று மாதத்துக்குள் கூடவேண்டும் என்று உங்களுக்கு நீங்களே விதித்திருக்கிறீர்கள். அதே அளவுகோல் எங்களுக்கும் போதும்.

வடக்கு, கிழக்கிலிருந்து சென்றிருக்கும் உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று. உங்களில் சிலர் மாகாண சபையில் அமர்ந்து பழகியவர்கள். மாகாண சபை மீண்டும் வந்தால் அங்கே புதிய முகங்கள் எழும், அவர்கள் நாளை உங்கள் ஆசனத்துக்குப் போட்டியாவார்கள் என்ற அச்சம் உங்களில் எவருக்கேனும் இருந்தால், தயவுசெய்து அதை இந்த விடயத்துக்குள் கொண்டுவராதீர்கள். 2013இல் வாக்களிக்க வயது வராதிருந்த எங்கள் பிள்ளைகளுக்கு இன்று சொந்தமாகப் பிள்ளைகள் இருக்கிறார்கள்; மாகாண சபை வாக்குச்சீட்டு எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாது.

திருத்தச் சட்டமூலம் எந்த மாதத்தில் அவைக்கு வரும், தேர்தலுக்கு எந்த மாதத்தை எதிர்பார்க்கலாம் என்ற இரண்டு திகதிகளை நீங்கள் பகிரங்கமாக அறிவிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பாடசாலையின் மண்டபம் அப்படியே இருக்கிறது. வாக்குப்பெட்டி வைத்த மேசையும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
வட மாகாண வாக்காளர் ஒருவர்